வீட்டு ஐஸ்கிரீம் வாளி: அதன் வரலாறும் குறைகளும்

வீட்டிலே ஐஸ்கிரீம் செய்வதற்கென்று ஒரு வாளி உண்டு. வெளியே மரப்பலகைகளால் ஆகிய தொட்டி. அதன் நடுவே தகரத்தாலான உயர்ந்த குவளை. குவளைக்குள் ஒரு மத்து. மேலே பற்சக்கரங்களோடு பொருந்திய கைப்பிடி. தொட்டிக்கும் குவளைக்கும் இடையிலுள்ள வெளியில் உடைத்த பனிக்கட்டியையும் கல்லுப்பையும் மாறி மாறி இட்டு, குவளையில் சர்க்கரை கலந்த பாலை வார்த்து, இருபது நிமிஷமோ அரை மணியோ கைப்பிடியைச் சுழற்றினால் பால் உறைந்து ஐஸ்கிரீமாகும். மின்சாரக் குளிர்பெட்டி எல்லா வீடுகளுக்கும் வந்து சேராத நாட்களில், கோடைக்காலத்து விருந்தென்றால் சில வீடுகளில் இவ்வாளியே நடுநாயகமாக விளங்கிற்று. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அந்நாளில் குடியேறி வாழ்ந்த தமிழ்ப் பெரியோர்களுள் இதன் கைப்பிடியைச் சுழற்றித் தோள் வலித்தவர்கள் இருப்பார்கள்.

இத்துணை எளிய சாதனத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு புதுமை தென்படுகிறது. இதனைத் திருத்த முனைந்தோர் அனைவரும் குளிர்ச்சியைப் பற்றியே கவலை கொண்டனர். விரைவாக உறைய வேண்டும், நயமாக உறைய வேண்டும், குறைந்த உழைப்பில் உறைய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆனால் ஐஸ்கிரீமால் மக்களுக்கு விளைந்த தீங்கோ குளிர்ச்சிக் குறைவால் மட்டும் வந்ததன்று. பனிக்கட்டி எந்த நீரில் ஆனது, குவளை எந்த உலோகத்தில் ஆனது, பால் காய்ச்சியதா காய்ச்சாததா என்னும் மூன்று கேள்விகளிலேயே அது மறைந்து கிடந்தது. குளிர்ந்த பொருள் தூய பொருள் என்று மனம் தானே நம்பிவிடுகிறது. அந்நம்பிக்கை தவறென்று விஞ்ஞானம் காட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

வாளி தோன்றுவதற்கு முன்னரே நம் நாடு குளிரூட்டும் கலையை அறிந்திருந்தது. அக்பர் சக்கரவர்த்தியின் அவையில் வெடியுப்பை நீரில் கரைத்து, அந்நீரில் குடிநீர்க் குடுவையை இட்டுச் சுழற்றிக் குளிர்விக்கும் முறை வழங்கியதை அபுல் பசல் தம் ஆயினி அக்பரி நூலில் எழுதியுள்ளார். 1586-ஆம் ஆண்டில் அரசவை பஞ்சாப் நாட்டுக்குச் சென்றபின், வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனியும் பனிக்கட்டியும் கொண்டுவரப்பட்டன என்பதும் அந்நூற் செய்தியே. குளிர்காலத்துத் தெளிந்த இரவுகளில், வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமற்ற மண்சட்டிகளை வைத்து நீரை உறையச் செய்யும் முறை அலகாபாத் முதலிய இடங்களில் இருந்தது. இதனை நேரிற் கண்ட ராபர்ட் பார்க்கர் என்பார் 1775-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விளக்கமாக எழுதினார். சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் அம்முறை பலிக்க வழியில்லை.

வடநாட்டுக் குல்பியும் இம்மரபைச் சேர்ந்ததே. மூடிய கிண்ணம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சிக் கூம்பு வடிவான தகரக் குப்பிகளில் ஊற்றி, மூடியைப் பிசைந்த மாவால் அடைத்து, பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த பானையில் புதைப்பார்கள். இதில் மத்தும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஆயினும் இரண்டு காவல்கள் இதில் தாமாகவே அமைந்துவிட்டன. சுண்டக் காய்ச்சியதால் பாலிலிருந்த நோய்க்கிருமிகள் மடிந்தன. மாவால் அடைத்ததால் வெளியிலுள்ள உப்புநீர் உள்ளே புகவில்லை. பிற்காலத்தில் மேல்நாட்டிலிருந்து வந்த வாளி இவ்விரு காவல்களும் இல்லாமலே வந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

உப்புக்கும் குளிர்ச்சிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. உப்புப் படிந்தவுடன் பனிக்கட்டி பூஜ்ய டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த பொருள்களிலிருந்து கவர்ந்துகொள்கிறது. தக்க அளவில் கலந்தால் இக்கலவை பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி சென்டிகிரேடு வரை செல்லும். வெறும் பனிக்கட்டியால் ஐஸ்கிரீம் செய்ய இயலாது. சர்க்கரை கலந்த பால் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி சென்ற பின்னரே உறையத் தொடங்கும். உப்பு அத்தடையை நீக்கிற்று.

பழங்காலத்து ஐரோப்பியச் சமையற்காரர்கள் மூடியுள்ள ஒரு குவளையைப் பனிக்கட்டித் தொட்டியில் நிறுத்திக் கையாலேயே இப்புறமும் அப்புறமும் திருப்புவார்கள். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளுவார்கள். மூடியைத் திறக்குந்தோறும் ஒரு துளி உப்புநீராவது உள்ளே விழும். மணிக்கணக்கான உழைப்பு ஒரு துளியில் வீணாகும். இந்நிலையில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி, மூடியைத் திறவாமலே உள்ளே சுழலும் மத்தையும் வெளியே கைப்பிடியையும் பொருத்தி ஓர் உறைவிப்புச் சாதனத்தை அமைத்தார். 1843-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1848-ஆம் ஆண்டில் வில்லியம் யங் என்பார் அதனைத் திருத்தித் தாமும் ஒரு காப்புரிமை பெற்றார். எனினும் தம் இயந்திரத்துக்கு ஜான்சனின் பெயரையே வழங்கினார். மரவாளியின் வடிவம் அன்றமைந்தபடியே நூறாண்டுக்கு மேல் பெரிதும் மாறவில்லை.

அதன் தரக்குறைகளும் அன்றே தொடங்கின. ஐஸ்கிரீமின் நயம் அதிலுள்ள பனிப்படிகங்களின் நுண்மையைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படிகத்தை நாவு மணலென உணர்ந்துவிடும். விரைவாக உறைந்து, இடைவிடாது கலங்கினால் படிகங்கள் சிறியனவாக இருக்கும். உப்பு குறைந்தால் உறைதல் தாமதமாகிப் படிகங்கள் பெருத்துவிடும். கொழுப்பு மிகுந்த பாலாக இருந்தால், நெடுநேரம் கடைந்ததன் பயனாக வெண்ணெய் திரண்டுவிடும். உப்பு மிகுந்தாலோ குவளையின் சுவரில் கெட்டியான ஓடு படிந்து மத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவே பால் பாலாகவே நிற்கும். மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்று பழைய சமையல் நூல்கள் விதித்தன. ஆனால் பனிக்கட்டியை எவ்வளவு சிறிதாக உடைத்தோம், உப்பு எவ்வளவு பருமன் என்பவை மாறமாற அவ்விதியும் மாறும். ஆகையால் இக்கலை நூலால் வருவதைக் காட்டிலும் கைப்பழக்கத்தால் வருவதே மிகுதி. தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உருகிய உப்புநீர் குவளையின் மூடிமட்டம் வரை ஏறாமல் வடிவதற்கு அது. ஐஸ்கிரீம் கரித்துப்போனால் பெரும்பாலும் அத்துளை அடைபட்டிருக்கும். விருந்தாளிகள் முகத்தில் அதன் விளைவு தெரியும்.

இனிப் பனிக்கட்டியின் கதைக்கு வருவோம். பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர், தம் ஊர்க்குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து உலகெங்கும் கப்பலேற்றினார். 1833-ஆம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்துக்குப்பின் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. பம்பாயும் சென்னையும் தொடர்ந்தன. 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் எழுந்த பனிக்கட்டிக் கிடங்கே ஐஸ் ஹவுஸ் என்று பேர்பெற்றது. பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டில் தங்கிய கட்டடமும் அதுவே. இன்று அது விவேகானந்தர் இல்லமாகத் திகழ்கிறது. வால்டன் குளக்கரையில் வாழ்ந்த அறிஞர் தோரோ, 1846-47 குளிர்காலத்தில் அக்குளத்திலும் பனி அறுக்கப்படுவதைக் கண்டு, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ள மக்கள் தம் குளத்து நீரைப் பருகப்போகிறார்கள் என்று தம் நூலில் வியந்திருக்கிறார்.

பம்பாயில் ஒரு சுவையான செய்தி வழங்குகிறது. ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சிப் பெருவணிகர் தம் இல்லத்து விருந்தொன்றில் ஐஸ்கிரீம் பரிமாறினார் என்றும், அதனால் விருந்தளித்தவருக்கும் விருந்தினருக்கும் ஜலதோஷம் பிடித்தது என்றும், ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அதனைத் தக்க தண்டனையென்று எழுதிற்றென்றும் பம்பாய் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். குளிர்ந்ததை உண்டால் சளி பிடிக்கும் என்ற அச்சமே அக்காலத்து அச்சம். உண்மையான அபாயத்தை எவரும் ஐயுறவில்லை. குளத்து நீர் உறையும்போது அதிலுள்ள அழுக்குகள் விலகிவிடும், ஆகவே பனிக்கட்டி தானே தூயது என்பது அன்றைய கற்றோரின் கருத்தாகவும் இருந்தது.

அக்கருத்தைச் சோதித்தவர்களுள் ஒருவர் நியூயார்க் நகரத்து மருத்துவர் மிட்செல் புருடன். டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலின் கிருமிகளை நீரிலிட்டு உறைவித்து, நாள்தோறும் எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை மடிந்தன, ஆனால் நூறு நாட்களுக்குப் பின்னும் சில உயிரோடிருந்தன. 1887-ஆம் ஆண்டில் அவர் இம்முடிவை வெளியிட்டார். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது என்ற செய்தி அன்றுமுதல் மருத்துவருலகில் நிலைபெற்றது. மக்களிடம் அது இன்னும் முழுவதும் சென்றடையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வாளியில் பனிக்கட்டி குவளைக்கு வெளியேதானே இருக்கிறது, அது அசுத்தமாயிருந்தால் என்ன என்று கேட்கலாம். மூடியைத் திறக்கும் கை பனிக்கட்டியைத் தொட்ட கை. குவளையின் விளிம்பில் படிந்த நீரைத் துடைக்காமல் திறந்தால் அது உள்ளேதான் வடியும். மேலும், வாங்கிய கட்டியில் ஒரு பகுதி வாளிக்கும் மற்றொரு பகுதி சர்பத்துக்கும் செல்வது வீட்டு வழக்கம். 1870-களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் கம்பெனிகள் தோன்றின. அமெரிக்கப் பனிக்கட்டி வாணிகம் மெல்ல மறைந்தது. ஆனால் தொழிற்சாலைப் பனிக்கட்டியில் இரு வகை உண்டு. உண்பதற்கென்று குடிநீரில் செய்வது ஒன்று. மீனையும் காய்கறியையும் கெடாமல் வைப்பதற்கு எந்த நீரிலோ செய்வது மற்றொன்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காக, உண்ணத்தகாத பனிக்கட்டியில் நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டில் பணித்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் வந்த பொருளுக்கு நிறத்தால் அடையாளமிட நமக்கு இத்துணைக் காலம் ஆயிற்று.

குவளையின் உலோகத்தைப் பற்றி நம்மவர்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளி கரைக்கலாகாது என்பது நம் பாட்டிமார் அறிந்த பாடம். பூசுவோன் வெள்ளீயத்தில் மலிவான காரீயத்தைக் கலந்துவிட்டால், காப்பு நஞ்சாகிவிடும் என்பதும் அறிந்ததே. ஐஸ்கிரீம்க் குவளையிலும் இதே சிக்கல்தான். இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசிய குவளையில் மத்து ஓயாமல் உரசுவதால் பூச்சுத் தேய்ந்துவிடும். பற்றவைத்த இடங்களில் காரீயம் இருக்கும். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய புளிப்புப் பழச்சாறுகளை விட்டால் துத்தநாகம் கரைந்து வாந்தியையும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். பழைய வாளியை மரச்சந்தையிலோ மூதாதையர் பரணிலோ கண்டெடுத்தவர்கள் அதனை அழகுக்காக வைத்துக்கொள்ளட்டும். உணவுக்குப் பயன்படுத்த விரும்பினால், துருவேறாத எஃகுக் குவளையை அதற்குப் பொருத்திக்கொள்வதே தக்கது.

மூன்றாவது கேள்வி பாலைப் பற்றியது. இதுவே எல்லாவற்றினும் பெரிது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லாட்டன் என்னும் சிற்றூரில் ஐஸ்கிரீம் உண்ட பலர் கடும் வாந்தியால் துன்புற்றனர். வெனிலா மணம் சேர்த்ததை உண்டவர்களே துன்புற்றனர். எலுமிச்சை சேர்த்ததை உண்டவர்களுக்குத் தீங்கில்லை. ஆகவே வெனிலாச் சாற்றில் நஞ்சு கலந்திருக்க வேண்டும் என்று ஊரார் முடிவுகட்டினர். மிச்சிகன் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் விக்டர் வாகன் அச்சாற்றை வரவழைத்துத் தாமே உட்கொண்டு பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. குற்றம் மணச்சாற்றில் இல்லை, கெட்டுப்போன பாற்கலவையில் உள்ளது என்று அவர் காட்டினார். பாலில் விளைந்த நஞ்சுக்கு அவர் இட்ட பெயரையும், அதற்குச் சொன்ன ரசாயன விளக்கத்தையும் பின்வந்தோர் கைவிட்டனர். ஆனால் குற்றவாளியைத் தேட வேண்டிய இடம் பால் என்று அவர் காட்டிய திசை நிலைத்தது. அன்றுவரை ஐஸ்கிரீம் தீங்குக்கு வெனிலாவையும் குளிரையும் பழித்து வந்தவர்கள் பால்காரனின் குவளையைப் பார்க்கத் தொடங்கினர்.

மேல்நாட்டு முறையில் பாலோடு முட்டைக்கருவும் சேரும். பச்சை முட்டையைச் சேர்த்து அப்படியே உறைவிப்பாரும் உண்டு. 1996 முதல் 2000 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் வீட்டில் செய்த ஐஸ்கிரீமிலிருந்து பரவிய சால்மொனெல்லா நோய் 17 முறை தோன்றி 500-க்கு மேற்பட்டோரைத் தாக்கிற்று என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் கணக்கிட்டுள்ளது. பச்சை முட்டையே முதற்காரணம். முட்டையும் பாலும் சேர்ந்த கலவையை 71 டிகிரி வரை சூடேற்றினால் இவ்வபாயம் நீங்கும்.

நம் வீடுகளில் முட்டைக்குப் பதில் கஸ்டர்டு மாவு சேர்ப்பதே பெருவழக்கு. 1837-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்டு என்பார், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக மக்காச்சோள மாவைக் கொண்டு இதனை ஆக்கினார். இம்மாவு கொதித்தால்தான் கெட்டிப்படும். எனவே கிருமிக் கொள்கையை அறியாதவரும் பாலைக் கொதிக்கவைத்தே தீரவேண்டியிருந்தது. முட்டையை விலக்கியது ஒரு பயன். பால் காய்ந்தது மற்றொரு பயன். எனினும் கொதித்த கஸ்டர்டை ஆறட்டும் என்று டில்லிக் கோடையிரவில் சமையலறையிலேயே விட்டுவைப்பார்கள். கொதியிலும் சாகாத வித்துகளையுடைய கிருமிகள் சில உண்டு. அவை அவ்வெதுவெதுப்பில் விழித்துப் பெருகும். பாத்திரத்தைக் குளிர்நீரில் நிறுத்திக் கிளறி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். நன்கு குளிர்ந்த கலவைதான் நுண்ணிய படிகமாகவும் உறையும். தரமும் பாதுகாப்பும் ஒரே செயலில் கைகூடுமிடம் இது.

மரவாளியில் கைப்பிடியின் இடத்தில் மின்சார மோட்டார் வந்தபோது தோள்வலி போயிற்று. வேறோர் அபாயம் வந்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, நிலத்தொடர்பில்லாத இரண்டு முனைச் செருகியில் அம்மோட்டாரை இயக்கியவர்கள் விதியை நம்பியவர்களே. 1980-களில் ஜப்பானிலிருந்து உப்பே வேண்டாத புதுவகை வந்தது. இரட்டைச் சுவருள்ள உலோகக் கிண்ணம். சுவர்களுக்கிடையே குளிரைத் தேக்கும் திரவம். முந்தின நாளே கிண்ணத்தை உறைவறையில் வைத்தெடுத்துக் கலவையை ஊற்றிச் சுழற்றினால் போதும். இப்போது கடைகளில் கிடைக்கும் சிறு இயந்திரங்களுள் பல இவ்வகையினவே.

உப்புப் போயிற்று, ஐயம் போகவில்லை. ஐஸ்கிரீம் உறையவே இல்லை என்று குறைகூறுவோர் முதலில் தம் உறைவறையைப் பார்க்க வேண்டும். கிண்ணம் முழுவதும் இறுக அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஓர் இரவும் ஒரு பகலும் இருக்க வேண்டும். ஒற்றைக் கதவுள்ள சிறிய குளிர்பெட்டிகளின் பனியறை பல சமயம் அவ்வளவு குளிர்வதில்லை. அடிக்கடி மின்வெட்டு நிகழும் ஊர்களில் சொல்லவே வேண்டாம். கிண்ணத்தை அசைத்தால் உள்ளே நீர் அலையும் ஒலி கேட்குமாயின் அது இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அறியலாம். வெந்நீரில் கழுவியோ கீழே தவறவிட்டோ சுவரில் விரிசல் கண்டு திரவம் கசிந்தால், அக்கலவையையும் கிண்ணத்தையும் துறந்துவிடுவதே முறை. மத்தின் அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் பால் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்து, முழுதும் உலர்ந்த பின்னரே திரும்பப் பூட்ட வேண்டும். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி உறைவித்து மறுநாள் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. உருகியிருந்த நேரத்தில் பெருகிய கிருமிகள் உறைந்தபின்னும் அங்கேயே இருக்கும். முன்பிருந்த நயமும் திரும்புவதில்லை.